செம்மஞ்சள் பிடிக் கத்தி

செப்ரெம்பர் 9, செவ்வாய்

மழை, விடியற்காலையிலிருந்தே. எல்லிங்ஸ்ருட்டிலிருந்து வேலைக்குப் போகும் ரி-பானெ ரயில் முழுக்க ஈரக் கம்பளி மணம். குடையை மறந்தேன், வழக்கம்போல.

கடையில் வேட்டைக் காலம் தொடங்கிவிட்டது. தூண்டில்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கத்திகளை முன்னுக்கு எடுத்தோம். மாதக் கடைசியில் எல்க் வேட்டை. எல்க் என்றால் குதிரை உயரத்தில் ஒரு மான். அதற்காகப் பாதிச் சனம் லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடும். நோர்வேக்காரருக்கு அது தேர்த்திருவிழா மாதிரி.

கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தேன். மடக்குக் கத்திகள் இடப்பக்கம், மடங்காதவை வலப்பக்கம். மிருகம் உரிக்கப் போகிற ஆளுக்கு நான் மடக்குக் கத்தி விற்பதில்லை. மடிப்புக்குள் இரத்தமும் கொழுப்பும் போய்ச் சேர்ந்தால் எந்தத் தண்ணீரிலும் கழுவுப்படாது. ஹில்டெயும் அதையேதான் சொல்வாள். என்னோடு கடையில் நிற்பவள், தானே வேட்டைக்காரி. எனக்கு இதெல்லாம் சொல்லித் தந்து, இப்போது என்னையே கத்திப் பக்கம் நிறுத்திவிட்டுச் சப்பாத்துப் பக்கம் போய்விட்டாள்.

பின்னேரம் ஒரு பெண், அறுபது இருக்கும். "கையில் இரத்தம் பட்டால் இந்தப் பிடி வழுக்குமா?" எல்லோரும் கேட்கிற கேள்விதான். மேசைக்குக் கீழே இருக்கும் பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டேன். இப்போது பிடித்துப் பாருங்கள் என்றேன். பிடித்தாள், வழுக்கவில்லை. வாங்கிக்கொண்டு போனாள். இந்தச் சோப்பு வித்தை என்னுடைய கண்டுபிடிப்பு. சொல்லிக்கொள்ள ஆளில்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

வாங்க: லீக்ஸ், நல்லெண்ணெய், இவருக்கு முழங்காலுக்குப் பூசுகிற மருந்து.

செப்ரெம்பர் 11, வியாழன்

மழை விட்டது. புதுச் சப்பாத்துக் கடிக்கிறது.

குகன் கடைக்கு வந்தார்.

ரஜனியின் கணவர். கணவராக இருந்தவர் என்று எழுத வேண்டுமோ தெரியாது, இன்னும் சட்டப்படி முடியவில்லை. ரஜனி எங்கள் கட்டடத்தில்தான், எங்களுக்கு மேல் மாடி. மாரி முடிகிற நேரம் பிரிந்தார்கள். அவர் இப்போது ட்வெய்ட்டாவில் ஓர் அறை வீட்டில். பஸ் ஓட்டுகிறார். மகள் ஆரணி தாயோடு. கிழமை விட்டுக் கிழமை சனி, ஞாயிறு தகப்பனிடம் போய் வருவாள்.

பிரிவதற்கு முதல் ஒருநாள் மேலே அலுமாரிக் கதவு உடைந்த சத்தம் எங்களுக்கும் கேட்டது. "என்னிலை கை வைக்கேல்லையக்கா. ஆனா அலுமாரியிலை வைச்ச கை என்னிலை வைக்க எவ்வளவு நேரம்?" என்று ரஜனி அடுத்தநாள் படியில் நின்று கேட்டாள்.

"அக்கா, ஒரு கத்தி வேணும். மடக்கிறது இல்லை."

"என்னத்துக்கு?"

"எல்க் வேட்டைக்கு."

சிரிப்பு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். ரஜனியின் வீட்டுக்குள் முட்டைகூடப் போகாது. அவளைக் கட்டுவதற்காக மச்ச மாமிசம் விட்ட மனுசன் என்று எல்லோருக்கும் தெரியும். அவரா வேட்டைக்குப் போவார்? வேலையிடத்து ஆள் ஒருவர் கூட்டிப் போகிறாராம். கோடையில் படித்து வேட்டைக்காரர் பரீட்சையும் பாஸ் பண்ணினாராம். துவக்கு அந்த ஆளிடம் இரவலாம். ஓம், ஓம் என்று தலையாட்டினேன். மனதுக்குள் நம்பவில்லை.

மூன்று எடுத்துக் காட்டினேன். பேர்ச் மரப்பிடி போட்டுத் தோலுறையோடு ஒன்று, பார்க்க அழகு. முனையில் கொக்கி வைத்து நீளமாக ஒன்று. கட்டையாக, செம்மஞ்சள் ரப்பர் பிடியோடு ஒன்று.

"நீளமானது நல்லதோ?"

"இல்லை. உள்ளங்கை நீளம் காணும். நீளம் கூடினால் உள்ளை குடலைக் கிழிச்சுப்போடும். இறைச்சி பழுதாப் போம்."

மரப்பிடியைத் தடவிப் பார்த்தார். தோலுறை இரத்தத்தைக் குடித்து நாறும், பிளாஸ்ரிக் உறை என்றால் கழுவலாம் என்றேன். கவனமாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் கூச்சத்தோடு:

"கையிலை இரத்தம் பட்டால் வழுக்குமோ அக்கா?"

எனக்குப் பிடரி குளிர்ந்தது. இதை எழுதும்போதும் குளிர்கிறது. எங்கள் தமிழில், அந்த வாயால், அந்தக் கேள்வி.

"வழுக்காது." அவ்வளவுதான் வாயில் வந்தது. சோப்புப் போத்தல் கீழேயே கிடந்தது.

"ஜக்கெற்றுக்குள்ளை வைச்சால் வெளியிலை தெரியுமோ? ரி-பானெயிலை சனம் பாத்துப் பயப்படக் கூடாது."

பைக்குள் சுற்றி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், இடுப்பில் கட்டிக்கொண்டு பட்டணத்துக்குள் திரிந்தால் பொலிஸ் பிடிக்கும் என்றேன். சரி என்றார். ஏன் இந்தக் கண்ணைக் குத்துகிற நிறம் என்று கேட்டார். பாசிக்குள் விழுந்தால் தேடி எடுக்கலாம் என்றேன். செம்மஞ்சளையே எடுத்தார்.

கையை நீட்டினார். நான் கத்தியை மேசையில் வைத்தேன்.

"கத்தி கையிலை தாறேல்லை. பகை வரும்."

சிரித்தார். "எங்களுக்குள்ளை என்ன பகையக்கா?"

நாள் முழுக்க நோர்வேக்காரரின் கையில் கத்தி கொடுக்கிறேன். ஒருநாளும் இது ஞாபகம் வந்ததில்லை.

போகும்போது திரும்பி வந்து சொன்னார்: "ரஜனிக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. தெரிஞ்சால் வில்லங்கம்."

செப்ரெம்பர் 12, வெள்ளி

வேலையில் இரண்டு தரம் மிச்சக் காசு பிழை.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். கறியில் உப்பில்லை என்று தொடங்கியவர், கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"வேட்டைக்கெண்டு சொன்னவன்தானே."

"எந்தத் தமிழன் வேட்டைக்குப் போறவன்? உங்களுக்குத் தெரிஞ்ச ஒராளைச் சொல்லுங்கோ பாப்பம்."

யோசித்தார். ஒருவரும் அகப்படவில்லை.

"சரி, அதுக்கு? ஆரின்ரையோ குடும்பத்துக்குள்ளை நீ ஏன் தலையைக் குடுக்கிறாய்?"

கேள்விப்படுகிற கதைகள்தான் காரணம். எந்த நாட்டிலோ, எந்த ஊரிலோ, அமைதியான மனுசன் என்று எல்லோரும் சொன்ன ஆள் ஒருநாள் பெண்சாதியைக் குத்தினான் என்று. பிறகு எல்லோரும் ஒப்பாரி வைத்து, முதலே தெரியும், ஆர் கேட்டது என்பார்கள். நான் அப்படி நிற்க மாட்டேன். எனக்கு முதலே தெரியும். அந்தக் கத்தியை எடுத்துக் கொடுத்ததே நான்.

மேலே ஆரணி ஓடுகிற சத்தம். தாய் அதட்டுகிறாள்.

செப்ரெம்பர் 13, சனி

வெயில். மரங்கள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன.

தமிழ்ப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வகுப்புக்குள் போனபிறகு தாய்மார் நடைபாதையில் தேத்தண்ணி. ஒருத்தி என்னைப் பார்த்து, "கத்திக்கடைக்காரி வந்திட்டா" என்றாள். மற்ற நாளில் நானும் திருப்பி ஏதாவது குத்தலாகச் சொல்லியிருப்பேன்.

ரஜனியை ஒரு வெற்று வகுப்புக்குள் கூட்டிப்போய்ச் சொன்னேன். வேட்டைக்கு என்று சொன்னதையும் சொன்னேன், அது உண்மை. ஆனால் எப்படிச் சொன்னேன் என்றால், "வேட்டைக்கெண்டு சொல்லுறார்" என்று. பிறகு வழுக்குமோ என்று கேட்டது. ஜக்கெற். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது.

பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் அப்படியே இருந்துவிட்டாள். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தது.

"இண்டைக்கு ஆரணி அங்கை போற முறையக்கா. பின்னேரம் கூட்டிக்கொண்டு போக வாறார்."

"அனுப்பாதை."

நான்தான் சொன்னேன். யோசிக்காமல் வந்த சொல். யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

செப்ரெம்பர் 15, திங்கள்

ரஜனி சனி பின்னேரமே பொலிசுக்குப் போயிருக்கிறாள். காலையில் படியில் கண்டபோது சொன்னாள். ஞாயிறு பொலிஸ் ட்வெய்ட்டாவுக்குப் போய்க் கத்தியை எடுத்துப் போனார்களாம். துவக்குக் கொடுப்பதாகச் சொன்ன வேலையிடத்து ஆளுக்கும் ரெலிபோன் எடுத்தார்களாம்.

அப்படியென்றால் அப்படியொரு ஆள் இருக்கிறார்.

"உங்கடை பேரும் குடுத்தனான் அக்கா. ரெலிபோன் எடுப்பினம்."

சனி பின்னேரம் அவர் வந்து கீழே மணி அடித்தபோது இவள் கதவு திறக்கவில்லை. ஆரணி ஏன் என்று கேட்டிருக்கிறாள். "அப்பா கத்தி வாங்கியிருக்கிறார், அதுதான்" என்று சொல்லியிருக்கிறாள் தாய். பிள்ளைக்கு அப்படிச் சொல்வதா? நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன தகுதி.

சப்பாத்து இன்னும் கடிக்கிறது.

செப்ரெம்பர் 17, புதன்

பொலிஸ் எடுத்தது. பெண் குரல், இளசு, மரியாதையாகக் கதைத்தாள். நான் கடையின் பின்னறையில், பெட்டிகளுக்கு நடுவே நின்று கதைத்தேன்.

அவர் என்ன கேட்டார், அப்படியே சொல்லுங்கள் என்றாள். நோர்வே மொழியில் சொன்னேன். நீளமானது நல்லதா என்று கேட்டார். கையில் இரத்தம் பட்டால் வழுக்குமா என்று கேட்டார்.

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. என் வாயிலிருந்து வந்தது கடைக் கேள்வி. போன கிழமை செவ்வாய் அந்தப் பெண் கேட்டது. ஹில்டெயின் தகப்பன் கத்தி வாங்க வந்து கேட்டது. நான் சோப்பு எடுக்கிற கேள்வி.

மறுபக்கத்தில் எழுதுகிற சத்தம். பிறகு: "வேட்டைக்குப் போகிறவர்கள் வழக்கமாக அப்படிக் கேட்பார்களா?"

"ஓம். எல்லோரும் கேட்பார்கள்."

"அப்படியென்றால் இவர் கேட்டபோது உங்களுக்கு ஏன் பயம் வந்தது?"

அவர் தமிழில் கேட்டார் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, அதே அர்த்தம்தான் என்றேன். எங்கள் ஆட்கள் வேட்டைக்குப் போவதில்லை என்றேன். "இவர் போகிறாரே," என்றாள்.

பின்னறைக்கு ஹில்டெ பெட்டி எடுக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். "செம்மஞ்சள் வாங்கினவரா? நல்ல தெரிவு. முதல்முறை போகிற ஆள் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார் என்று நினைத்தேனே," என்றாள். சப்பாத்துப் பக்கம் நின்று பார்த்திருக்கிறாள். ஒரு சொல் விளங்காமலே அவளுக்கு விளங்கியிருக்கிறது.

வெட்கம். உடம்பு முழுக்க வெட்கம்.

செப்ரெம்பர் 20, சனி

புரட்டாதிச் சனி. சனீசுவரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்தேன். பல்கனிக்கு வந்தது கடற்பறவை. எல்லாவற்றையும் அதுவே விழுங்கிவிட்டுப் போனது.

அவருடைய பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை. இனி கு.

மரக்கறிக்கு ட்வெய்ட்டாவில் தமிழ்க் கடை. முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நிற்கும்போது பின்னால் இரண்டு பேர்:

"பெண்சாதியை வெட்ட வாள் வாங்கினவனாம்."

"ஒளிச்சு வைச்சிருந்ததாம், பொலிஸ் வந்து பிடிச்சதாம்."

"ஆள் பாக்க அப்பாவி."

"அப்பாவியள்தான் செய்யிறது."

உள்ளங்கை நீளக் கத்தி ஒரு கிழமைக்குள் வாளாக வளர்ந்துவிட்டது. அது வாள் இல்லை, மான் உரிக்கிற கத்தி என்று திரும்பிச் சொல்லியிருக்கலாம். முருங்கைக்காயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றாமலே மேலே ரஜனியிடம் போனேன். நான் பிழையாக விளங்கிவிட்டேன், எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது, சோப்புப் போட்டுக் காட்டுகிற கேள்வி என்றெல்லாம் சொன்னேன். பொலிசுக்கும் திருப்பி எடுத்துச் சொல்லிவிட்டேன் என்றேன். அதுவும் உண்மை, நேற்று எடுத்தேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

அவள் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கேன் சொல்ல வேண்டாமெண்டவர்?"

"உன்ரை சைவத்துக்குப் பயந்து. வேற என்ன."

"இருக்கலாம்." வெட்டுவதை நிறுத்தினாள். "நீங்கள் மாத்திச் சொல்லலாம் அக்கா. எனக்கு மாத்தி நினைக்க ஏலாமல் கிடக்கு. படுத்தால் அந்தக் கேள்விதான் காதிலை."

அந்தக் கேள்வியை அவள் காதால் கேட்டவளே இல்லை. என் வாயால் கேட்டது.

ஆரணி உள்ளறைக் கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு சாத்தினாள்.

செப்ரெம்பர் 25, வியாழன்

எல்க் வேட்டை முதல் நாள். பனிப்புகார், பிறகு நல்ல வெயில். ஹில்டெ லீவு. கடை வெறுமை. கத்திப் பெட்டியில் விரல் அடையாளங்கள் மட்டும்.

ரஜனி சொல்லித் தெரிந்தது: பொலிஸ் கு.வைக் கூப்பிட்டு விசாரித்து, வேலையிடத்து ஆளையும் விசாரித்து, ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். கத்தியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வேட்டைக் கூட்டம் பொலிஸ் ரெலிபோனோடு பயந்துவிட்டதாம். இந்த வருசம் வேண்டாம், அடுத்த வருசம் பார்ப்போம் என்றார்களாம்.

ஒரு கோடை முழுக்கப் படித்த மனுசன். இன்று பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார்.

போய்ச் சொல்ல வேண்டும். இன்றும் அவரிடம் போகவில்லை. ரி-பானெ ட்வெய்ட்டாவில் நின்றபோது கதவு திறந்தது, மூடியது.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

நாள் முழுக்கத் தூறல். இவருக்கு முழங்கால் நோ கூடிவிட்டது. ஒத்தடம்.

நேற்று ஆரணி தகப்பனிடம் போகும் முறை. ரஜனி அனுப்ப ஒத்துக்கொண்டாள், அதுவரைக்கும் நல்லம். பிள்ளைதான் கீழ்வாசலில் நின்றுகொண்டு, மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாளாம். அவர் கொஞ்சநேரம் குந்தியிருந்து கதைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். ரஜனி இதைச் சொல்லும்போது அழுதாள். அவளுக்கும் இது வேண்டியிருக்கவில்லை.

ரஜனியையோ பிள்ளையையோ குறை சொல்ல முடியாது. தொடங்கியது நான்.

இவர்: "நல்லதுக்கெண்டுதானே செய்தனி."

ஆறுதலுக்குச் சொல்கிறார். உதவவில்லை.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

முதல் உறைபனி. காரின் கண்ணாடிகளை ஆட்கள் சுரண்டுகிற சத்தத்தில் விழிப்பு. பழைய சப்பாத்துக்குத் திரும்பிவிட்டேன்.

பத்தரை போல் கு. கடைக்கு வந்தார். பஸ் சாரதிச் சீருடை. மெலிந்திருந்தார். உறையோடு கத்தியை மேசையில் வைத்தார்.

"இதைத் திருப்பி எடுப்பியளோ அக்கா? பாவிக்கேல்லை."

பார்த்தேன். அலகில் கீறல் இல்லை. எடுப்போம் என்றேன். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"ஆரணி போன முறை கதவடியிலை நிண்டு கேட்டவள். அப்பா, கத்தி இன்னும் வீட்டிலை இருக்கோ எண்டு. எனக்குப் பொய் சொல்ல வரேல்லை. இப்ப இல்லையெண்டு சொல்லலாம்." கொஞ்சம் சிரித்தார். "குசினியிலை இருந்ததையும் எறிஞ்சு போட்டன். பாணைக் கையாலைதான் பிய்க்கிறது."

நான் காசைத் திருப்புகிற வேலையில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆரோ ரஜனிக்குக் கதை கட்டியிருக்கினம். ஆரெண்டு அவ சொல்லுறா இல்லை. நானும் கேக்கேல்லை." பிறகு: "நீங்கள் ஒராள்தான் சிரிக்காமல் எடுத்துக் காட்டினனீங்கள் அக்கா. என்ரை வேலையிடத்துத் தமிழ்ப் பெடியளே விழுந்து விழுந்து சிரிச்சவங்கள். நீங்கள் வேட்டைக்காரனுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லித் தந்தியள். அதுக்குத்தான் நேரை வந்தனான். தபாலிலையும் அனுப்பியிருக்கலாம்."

இந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். ரஜனி சொல்லப் போவதில்லை. பொலிஸ் சொல்லப் போவதில்லை. வீட்டில் இவரும், "வாயை மூடிக்கொண்டு இரு" என்று எத்தனை தரம் சொல்லிவிட்டார்.

"குகன், அது நான்தான்."

விளங்கவில்லை அவருக்கு.

"ரஜனிக்குச் சொன்னது நான். வழுக்குமோ எண்டு நீங்கள் கேட்டது. ஜக்கெற். எல்லாம். ஆரணியை அனுப்பாதை எண்டு சொன்னதும் நான்."

முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சப்பாத்துப் பக்கம் ஹில்டெ யாருக்கோ அளவு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களோ," என்றார். கேள்வியாக இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களில் கேட்டேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை எடுத்துப் பெட்டியில் வைப்பதற்காகக் கையைக் கொண்டு போனேன்.

எனக்கு முந்தி அவர் எடுத்தார். உறையின் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, செம்மஞ்சள் பிடி எனக்கு நேரே வரும்படி பிடித்துக்கொண்டு நீட்டினார். மேசைக்கு மேலே, காற்றில். கீழே வைக்கவில்லை. நான் வாங்குமட்டும் அப்படியே நின்றார்.

கையில் வாங்கினேன்.